ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு கலியாணம்: வாசகர் கேள்விகளும் அக்காவின்ர பதில்களும்

இந்த மாசம் வந்த கடிதங்களில முக்காவாசி ஒரே விசயம்தான். கட்டிப் பத்து வருசம், இருவது வருசம், முப்பத்தஞ்சு வருசம் எண்டு ஆக்கள் எழுதியிருக்கினம், பொம்பிளையள் நாலு பக்கம் எழுத ஆம்பிளையள் நாலு வரி எழுதியிருக்கினம், ஆனா ரெண்டு பேரும் கேக்கிறது ஒண்டுதான், முந்தி இருந்தது எங்க போச்சுது எண்டு. எல்லாத்தையும் போட இடம் காணாது. ஆரெண்டு பிடிபடக் கூடிய விபரங்களை எடுத்துப்போட்டுத்தான் போடுறன்.

கோண்டாவில் வாசகி: அக்கா, எனக்கு 36 வயசு, கட்டி 11 வருசம். மூத்தவன் இந்த வருசம் ஸ்கொலசிப் சோதினை, சின்னவளுக்கு நாலு வயசு. இவர் குடிக்கிறேல்ல, அடிக்கிறேல்ல, சம்பளத்தை அப்பிடியே கொண்டு வந்து தாறார். ஆனா ஒரு நாளைக்கு நாங்கள் கதைக்கிறது கறன்ட் பில் கட்டியாச்சோ, பிள்ளையை ரியூசனால ஆர் ஏத்துறது, இவ்வளவுதான். அம்மாவுக்குச் சொன்னா தங்கமான மனுசன், உனக்கென்னடி குறை எண்டு ஏசுறா. என்னிலதான் ஏதும் பிழையோ?

தங்கச்சி, உங்களில ஒரு பிழையும் இல்ல. குடிக்காத அடிக்காத மனுசன் எண்டது அத்திவாரம், அதுக்கு மேல வீடு எழும்ப வேணும், ஆனா அம்மாமார் அத்திவாரத்திலயே பாயை விரிச்சுப் படு எண்டு சொல்லுகினம், ஏனெண்டா அவையளில கன பேருக்கு அதுகும் கிடைக்கேல்ல. அம்மாவோட கோவிக்காதேங்கோ. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் முழுக்கச் சண்டையால இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்ததுக்குள்ள நானும் நடந்தனான், அண்டைக்கு ஒரு நல்ல புருசன் எண்டா ஒரு கையில பிள்ளையையும் மற்றக் கையில சைக்கிளையும் விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தவர்தான். அந்தத் தலைமுறை கலியாணத்தை அளந்த கோல் அது. உங்கட கோல் வேற, அது பிழையில்ல.

நீங்கள் எழுதின 11 வருசம் எண்டதையும் பாருங்கோ. 2021 இல கன நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, 1 லட்சத்து 65 ஆயிரம் பேருக்கு மேல உள்ள கணக்கை வைச்சு ஒரு பெரிய ஆய்வு வந்தது. சோடி சேர்ந்து முதல் பத்து வருசம் திருப்தி மெல்ல மெல்ல இறங்கி, பத்தாம் வருசமளவில ஆகக் கீழ வந்து, பேந்து இருவதாம் வருசம் மட்டும் ஏறி, அதுக்குப் பிறகு திரும்பவும் இறங்குது எண்டு அதில வந்துது. வயசாப் பாத்தா 40 இலதான் ஆகக் கீழ, அதில இருந்து 65 மட்டும் ஏறுமுகம். நீங்கள் நிக்கிறது அந்தப் பள்ளத்தின்ர நடுவில. பிள்ளையளும் இதில சேர்த்தி. 2003 இல வந்த இன்னொரு ஆய்வு, கைக்குழந்தை இருக்கிற பொம்பிளையளில 38 வீதம் ஆக்களுக்குத்தான் கலியாணத்தில சராசரிக்கு மேல திருப்தி, பிள்ளை இல்லாத பொம்பிளையளில அது 62 வீதம் எண்டு சொல்லுது. பிள்ளையள் பாரம் எண்டு நான் சொல்ல வரேல்ல, பிள்ளை வந்தாப் பிறகு அவற்ற நாள் கொஞ்சம்தான் மாறுது, உங்கட நாள் முழுக்க மாறிப்போகுது, அந்த வித்தியாசத்தை ஒருத்தரும் வாயால சொல்லுறதும் இல்ல.

ஆனா பள்ளம் எண்டா தானா மேடு வரும் எண்டு காத்திருக்க வேண்டாம். முந்தின ஆய்வுகள் ஒரே நேரத்தில இளம் சோடியளையும் வயசான சோடியளையும் கேட்டுத்தான், பிள்ளையள் வளர எல்லாம் திரும்ப வரும் எண்டு சொன்னது. அமெரிக்காவில அதே ஆக்களை 1980 இல இருந்து 1997 மட்டும் 17 வருசம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாத்தா அந்த ஏற்றம் காணேல்ல. ஏலாமல் போனவை இடையில பிரிஞ்சு போக, மிஞ்சின வயசான சோடியள் சந்தோசமாத் தெரியினம், அதுகும் ஒரு காரணம். 2021 கணக்கில ஏற்றம் தெரியுது, இதில இல்ல, அப்ப காலத்தை நம்பி இருக்கிறதை விட நீங்களே கையை வைக்கிறது நல்லம்.

எங்க கை வைக்கிறது? இவரிட்ட நீங்கள் என்னோட கதைக்கிறேல்ல எண்டு துவங்கினா, அவர் தான் கதைச்ச நாட்களை எண்ணிச் சொல்லுவார், முடிஞ்சுது. ஜோன் கொட்மன் எண்ட ஆய்வாளர் புதுசாக் கட்டின 124 சோடியளை இருத்தி வைச்சு ஒரு பிரச்சினையைக் கதைக்க விட்டு, முதல் 3 நிமிசம் கதை எப்பிடிப் போகுது எண்டதை மட்டும் பாத்து, பேந்து ஆறு வருசத்துக்குள்ள ஆர் பிரிவினம் எண்டதோட பொருத்திக் காட்டினவர். துவங்குற விதத்தில அவ்வளவு இருக்கு. அதாலதான் சொல்லுறன், குறையைச் சொல்லாமல் வேண்டியதைச் சொல்லுங்கோ. இஞ்சேருங்கோ, பிள்ளையள் படுத்தாப் பிறகு ஒரு பத்து நிமிசம் வந்து விறாந்தையில இருங்கோ, பில்லும் ரியூசனும் கதைக்கிறேல்ல, எண்டு அப்பிடியே கேளுங்கோ. முதல் கிழமை ரெண்டு பேருக்கும் கதை வராது. பரவாயில்ல, தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு எழும்புங்கோ. எங்கட வீட்டில உது ஒரு மாசம் எடுத்தது, முதல் வந்த கதையே கிணத்தடி வாழை குலை போட்டதைப் பற்றித்தான், ஆனா அண்டைக்கு நான் சந்தோசமாப் படுத்தனான்.

திருநெல்வேலி வாசகி, 24 வயசு: அக்கா, வீட்டில பேசிச் செய்யிறதுதான் நிலைக்குமாம், லவ் பண்ணிக் கட்டினா ரெண்டு வருசத்தில கசக்குமாம். உண்மையோ?

உந்தக் கதைக்கு ஆதாரமா எல்லாரும் காட்டுறது 1982 இல இந்தியாவில ஜெய்ப்பூரில செய்த ஒரு சின்ன ஆய்வு. 50 சோடியள்தான், லவ் பண்ணிக் கட்டினவையின்ர அன்பு வருசம் போகப் போகக் குறைய, பேசிக் கட்டினவையின்ர அன்பு கூடிக்கொண்டு வந்தது எண்டு அதில இருக்கு. ஆனா 1987 இல சீனாவில செங்டு எண்ட நகரத்தில 586 பொம்பிளையளைக் கேட்டவை, அங்க எத்தினை வருசமானாலும் விரும்பிக் கட்டினவைதான் கூடத் திருப்தி எண்டு சொல்லிச்சினம். ஒண்டு ஐம்பது சோடி, மற்றது அதைவிடக் கனக்க, அதாலயும் என்ர மனசு ரெண்டாவதின்ர பக்கம். நானெண்டா பாக்கிறது வேற, கட்ட முதல் உங்களுக்கு இல்லை எண்டு சொல்ல வாய் இருந்ததோ எண்டதை. சாதகம் பாத்துச் செய்தாலும் சரி, கம்பஸில சந்திச்சாலும் சரி, அந்த வாய் இருந்தா பிறகும் இருக்கும்.

நெல்லியடி வாசகர்: எனக்கு 61 வயசு. பென்சன் எடுத்து ஒரு வருசம். கட்டி 34 வருசம், எங்களுக்குள்ள ஒரு சண்டை சச்சரவும் இல்ல. போன மாசம் மனிசி கொழும்பில இருக்கிற மகளோட போனில, நான் உன்னட்ட வந்து இருக்கப் போறன், இஞ்ச மூச்சு முட்டுது எண்டு சொன்னது என்ர காதில விழுந்தது. என்ன குறை எண்டு கேட்டா ஒண்டுமில்ல எண்டுறா. நான் என்ன பிழை விட்டனான்?

ஐயா, உங்கட கடிதம்தான் இந்த மாசம் என்னை நித்திரை கொள்ள விடாத கடிதம். நாலு வரியில எழுதினாலும் கை நடுங்கி எழுதினது தெரியுது.

1972 இல ஜெசி பேர்ணாட் எண்ட அமெரிக்கச் சமூகவியலாளர், ஒவ்வொரு கலியாணத்துக்குள்ளயும் ரெண்டு கலியாணம் இருக்கு, அவருடையது ஒண்டு அவவுடையது ஒண்டு எண்டு எழுதினவ. உங்கட வீட்டிலயும் அதுதான். உங்கட கலியாணத்தில 34 வருசம் சண்டை இல்ல. அவவின்ர கலியாணத்தில என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாது, அவவும் சொல்லேல்ல, அதைத்தான் மகளுக்குச் சொன்னவ.

அப்ப பொம்பிளையளுக்கு எப்பவும் குறைதானோ எண்டு நீங்கள் கேப்பியள். அப்பிடி இல்ல, நானும் கன காலம் அப்பிடித்தான் நினைச்சனான். 2014 இல ஒரு லட்சத்துக்கு மேல ஆக்களின்ர பதிலைச் சேர்த்துப் பாத்த ஆய்வு ஒண்டில, மனிசிமாருக்குப் புருசன்மாரை விடத் திருப்தி கொஞ்சமே கொஞ்சம்தான் குறைய இருந்தது, அந்தக் கொஞ்சமும் எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா கவுன்சிலிங்குக்குப் போன சோடியளில இருந்து. அந்த ஆக்களுக்குள்ள, மனிசிமார் திருப்தியா இருக்கிற வாய்ப்புப் புருசன்மாரை விட 51 வீதம் குறைவு. சாதாரணச் சோடியளை மட்டும் எடுத்தா ரெண்டு பேருக்கும் வித்தியாசமே இல்ல. எனக்கு இதில விளங்குறது, நல்லாப் போகேக்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித்தான் தெரியுது, நோகத் துவங்கினா மனிசிக்கு முதல் நோகுது, புருசனுக்கு அது தெரியவே கன காலம் எடுக்குது. அமெரிக்காவிலயும் விவாகரத்தை முதல் கேக்கிறது பத்தில ஏழளவு பொம்பிளையள்தான். அங்கயும் புருசன்மார் உங்களைப் போலத்தான், நேற்று வரைக்கும் எல்லாம் சரியாத்தானே இருந்தது எண்டு இருப்பினம்.

ஏன் அவ சொல்லேல்ல? சொல்லியிருப்பா ஐயா. இருவது வருசத்துக்கு முதல் நச்சரிப்பு மாதிரி உங்கட காதில விழுந்திருக்கும். 1990 இல இருந்து இதைப் படிச்ச ஆய்வாளர்கள் சொல்லுறது, ஒருத்தர் கேட்டுக் கேட்டு நெருக்க மற்றவர் வாயை மூடிக்கொண்டு பேப்பரைத் தூக்குறது கலியாணங்களில கனக்க நடக்குதாம், அதில கூடுதலா நெருக்கிறது மனிசி. ஆனா பொம்பிளைச் சுபாவம் மட்டும் எண்டு விட ஏலாது, புருசனுக்கு ஒரு மாற்றம் தேவைப்பட்ட விசயத்தைக் கதைக்க விட்டா அந்த வித்தியாசம் நல்லாக் குறைஞ்சு போச்சுது. மாற்றம் வேணுமெண்டவர் கதைப்பார், இருக்கிறது வசதியா இருக்கிறவர் எழும்பிப் போவார். எங்கட வீடுகளில இருக்கிறது ஆருக்கு வசதி எண்டு நீங்களே யோசியுங்கோ. விடிய நாலரைக்கு எழும்பி அடுப்பு மூட்டினது ஆர், உங்கட அம்மா படுக்கையில கிடந்தா கழுவித் துடைச்சது ஆர், தன்ர வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக உங்களிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டது ஆர். யாழ்ப்பாணத் தமிழருக்குரிய எங்கட தேசவழமைச் சட்டத்திலயே பாருங்கோ, 1911 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மனிசி தன்ர பேரில இருக்கிற சீதன வீட்டைக் கூடப் புருசனின்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்க ஏலாது, புருசனுக்கு அப்பிடிக் கட்டாயம் இல்ல. எழுதி வைச்ச சட்டத்திலயே ஒரு கலியாணம் ரெண்டா இருக்கு.

ஒரு கட்டத்தில அவ கேக்கிறதை விட்டிருப்பா. நீங்கள் சண்டை இல்ல எண்டு எழுதினது அந்த நாளில இருந்துதான் எண்டு எனக்குப் படுது. எனக்கு உங்களை நேர தெரியாது, பிழையா இருந்தா மன்னியுங்கோ.

இப்ப பென்சன். முந்தி நீங்கள் கந்தோருக்குப் போற எட்டு ஒன்பது மணித்தியாலம் வீடு அவவின்ர. இப்ப நீங்கள் விடிஞ்சாப் பொழுதுபட்டா விறாந்தையில. தேத்தண்ணி ரெண்டு தரம் இருந்தது ஐஞ்சு தரம் ஆகியிருக்கும், குசினிக்குள்ள வந்து உப்புக் கூட எண்டு சொல்லத் துவங்கியிருப்பியள். கலிபோர்னியாவில கொஞ்சப் பெண்களை 40 வயசுகளில இருந்து 60 வயசுகள் மட்டும் 18 வருசம் பின்தொடர்ந்து பாத்த ஆய்வு ஒண்டு இருக்கு. பிள்ளையள் வீட்டை விட்டுப் போனாப் பிறகு கலியாணத்தில அவையின்ர திருப்தி கூடினது, ஆனா புருசனோட கூட நேரம் கிடைச்சதால இல்ல, இருந்த நேரம் நல்ல நேரமா மாறினதால. நீங்கள் இப்ப குடுக்கிறது கூட நேரம். அவவுக்குத் தேவை அது இல்ல.

மகளிட்டப் போறன் எண்டா மறிக்காதேங்கோ. சேர்ந்து போய் பஸ்ஸில ஏத்தி விடுங்கோ, ரெண்டு கிழமையோ ஒரு மாசமோ. அந்த மாசம் நீங்களே சமையுங்கோ, அம்மாவின்ர திவசம் எப்ப, காஸ் எப்ப முடியும், மருமகனுக்கு என்ன சாப்பாடு ஒத்துவராது எண்டு அவவின்ர தலைக்குள்ள இருந்ததுகளை ஒரு கொப்பியில எழுதுங்கோ. அவ திரும்பி வர, இவ்வளவும் நீர் தனியச் சுமந்தனீர், எனக்குத் தெரியாமல் போச்சு எண்டு சொல்லுங்கோ. பேந்து வாயை மூடிக்கொண்டு அவ சொல்லுறதைக் கேளுங்கோ, குறுக்க விளக்கம் சொல்லாதேங்கோ, அது ஆகக் கஸ்டமா இருக்கும். உங்களுக்காகவும் சொல்லுறன். 394 வயசான சோடியளைப் பாத்த 2014 ஆம் ஆண்டு ஆய்வில, கலியாணத்தில சந்தோசமா இருந்த புருசனுக்கு, மனிசியும் சந்தோசமா இருந்தா தன்ர வாழ்க்கையில திருப்தி இன்னும் கூட இருந்தது, மனிசிக்குச் சந்தோசம் இல்லையெண்டா அந்தக் கூடுதல் வரேல்ல. மறுபக்கத்தால அப்பிடி வரேல்ல. உங்கட கடைசிக் காலம் எப்பிடிப் போகும் எண்டது அவவின்ர முகத்திலதான் பெரும்பாலும் தங்கி இருக்கு ஐயா.

கொடிகாமம் வாசகி: கோவம் வந்தா மட்டும்தான் கை நீட்டுறார், மற்றும்படி நல்லவர். உதுகும் கலியாணத்தில வாற சரிவுதானோ?

இல்ல பிள்ளை. நான் மேல எழுதின ஒண்டும் உங்களுக்கு இல்ல, பத்து நிமிசம் விறாந்தையில இருங்கோ எண்டதை உங்களுக்கு நான் ஒருநாளும் சொல்ல மாட்டன். 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், ஒரு வருசம் மட்டும் நிக்கும், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் கேக்கலாம். பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938. பிரதேச செயலகத்தில இருக்கிற மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கோ, தனியப் போகப் பயமெண்டா நம்பிக்கையான ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அடையாள அட்டையையும் பிள்ளையளின்ர பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் இண்டைக்கே வேற ஒரு வீட்டில குடுத்து வையுங்கோ.

சாவகச்சேரி வாசகி: இவர் சுவிஸில. கட்டி ஆறு வருசம், சேர்ந்து இருந்தது எல்லாமா ஏழு மாசம். போனில நல்ல அன்பு, விடிய ஒருக்கா இரவு ஒருக்கா வட்ஸ்அப்பில வருவார். லீவில வந்தா மூண்டாம் நாள் சண்டை. இதுக்கு என்ன பெயர் அக்கா?

இதுக்குப் பெயர் பழக்கமில்லாமை, தங்கச்சி, அன்பில்லாமை இல்ல. போனில வாறவர் குளிச்சுத் தலை இழுத்து வாறவர், நீங்களும் அழுத முகத்தைத் துடைச்சுப்போட்டுத்தான் எடுக்கிறனீங்கள். மாமி சொன்னதையும் நீங்கள் சொல்லுறேல்ல, வேலையில அவர் பட்டதையும் அவர் சொல்லுறேல்ல. அமெரிக்காவில தூர இருந்து காதலிச்ச மாணவர்களைப் பாத்த ஆய்வில, பேந்து ஒரே ஊருக்கு வந்தவையில மூண்டில ஒரு பங்கு ஆக்கள் 3 மாசத்துக்குள்ள பிரிஞ்சிட்டினம். அவை கட்டாத ஆக்கள், உங்கட கதை வேற, ஆனா விசயம் ஒண்டுதான், மனசுக்குள்ள வைச்சிருந்த ஆள் வேற, கேற்றைத் திறந்துகொண்டு வந்த ஆள் வேற.

முதல் வேலை, போனில கொஞ்சம் உண்மை கதையுங்கோ. கிழமைக்கு ஒரு நாள் எண்டாலும், இண்டைக்கு எனக்குச் சரியில்ல எண்டு ரெண்டு பேரும் சொல்லப் பழகுங்கோ, சின்னச் சண்டை போனில வந்தா வரட்டும், அங்க சண்டை பிடிச்சுச் சமாதானமாகிற பழக்கம் வந்தா இஞ்ச வந்து நிக்கேக்க புதுசா இராது. அடுத்தது, அவர் நல்லூர்க் கொடியேத்தத்துக்கு வாறார் எண்டு எழுதியிருக்கிறீங்கள். திருவிழா 25 நாள், அவருக்கு லீவு நாலு கிழமை, வழக்கம் போலச் சொந்தக்காரர் வீடு வீடாக் கூப்பிடுவினம், சூட்கேஸில சொக்லேட்டும் சென்ட்டும் பங்கு பிரிக்கவே ஒரு கிழமை போகும். இந்த முறை இப்பவே அவரிட்டச் சொல்லி வையுங்கோ, முதல் ஐஞ்சு நாள் ஒரு வீட்டுக்கும் போறேல்ல எண்டு. மாமிக்கு அதை அவரே சொல்ல வேணும், நீங்கள் சொல்லக் கூடாது. மூண்டாம் நாள் சண்டை வந்தா, வரும், பயப்படாதேங்கோ, அண்டைக்குப் பின்னேரம் ரெண்டு பேரும் மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு கசூரினாப் பக்கம் போய் கடலைப் பாத்துக்கொண்டு இருங்கோ, கதைக்க வேணுமெண்டும் இல்ல. உங்களை அங்க எடுக்கிற ஸ்பொன்சர் எப்ப சரிவரும் எண்டதை ஆறாம் நாள் கேக்கலாம்.